ஒன்பதடி டேபிள் போட்டால் ஆள் வராதா?

ஜனவரி 9, இரவு (இழையைத் தொடங்கிய தம்பியின் கேள்வி)

ஒஹையோவில் நடுத்தரமான ஊர் எங்களுடையது. இங்குள்ள பூல் ஹாலில் செவ்வாய் இரவு எய்ட்-பால் போட்டி (தன் பங்கு ஏழு பந்தையும் பாக்கெட்டில் போட்டுவிட்டு எட்டாம் எண் பந்தையும் போடுபவர் ஜெயிக்கும் ஆட்டம்) பல வருடமாக நடக்கிறது. ஏழடி டேபிள் ஆறு, ஒன்பதடி நான்கு இருக்கின்றன. போன ஆகஸ்ட் வரை போட்டி ஏழடியில்தான் நடந்தது. 20 பேருக்குக் குறையாமல் வருவார்கள். செப்டம்பரில் உரிமையாளர் போட்டியை ஒன்பதடிக்கு மாற்றினார். இப்போது 9 பேர், மிஞ்சிப்போனால் 11. என் கட்சி இதுதான்: அமெச்சூர் போட்டி என்றால் ஏழடிதான், ஒன்பதடி தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு. பெரிய டேபிள் ஆளை விரட்டுகிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 10, காலை (இனி என் பதில்கள்)

பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் அளவு. ஏழடி, ஒன்பதடி என்பதெல்லாம் பேச்சுக்கு. ஆடும் பரப்பைக் குஷன் (டேபிள் ஓரத்து ரப்பர்) முனையிலிருந்து எதிர்முனை வரை அளந்தால் ஒன்பதடிக்கு 50 × 100 அங்குலம், எட்டடிக்கு 44 × 88. ஏழடிக்குத் தயாரிப்பவரைப் பொறுத்து 38 × 76 முதல் 40 × 80 வரை. நடுவாக 39 × 78 என்று வைத்துக்கொண்டால், ஏழடியின் பரப்பு ஒன்பதடியில் சுமார் 60 சதவீதம்தான். பந்து மட்டும் இரண்டிலும் ஒன்றே, விட்டம் இரண்டே கால் அங்குலம்.

அதனால் சின்ன டேபிள் சுலபம் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. தூரம் குறைவு, பந்தைப் போடுவது சுலபம், சரி. ஆனால் எய்ட்-பாலில் 15 பந்தையும் அந்த 60 சதவீத இடத்தில் கொட்டுகிறோம். பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்து போக வழி இருக்காது. ஒரே தடவையில் எல்லாவற்றையும் போட்டு முடிக்க நினைப்பவனுக்கு அது பெரிய தலைவலி. புதிதாக ஆடுபவன் இதையெல்லாம் கவனிப்பதே இல்லை. போட்ட பந்து விழுந்ததா இல்லையா, அவ்வளவுதான் அவன் கணக்கு. ஏழடியில் விழுகிறது, அடுத்த வாரமும் வருகிறான்.

இவ்வளவும் உங்கள் கட்சிக்குச் சாதகம்தான். இருந்தாலும் மூன்று கேள்விகள். போட்டி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? எத்தனை ரேக் ரேஸ், அதாவது எத்தனை ரவுண்டு முதலில் எடுப்பவர் ஜெயிக்கிறார்? உரிமையாளர் ஏன் மாற்றினார்? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போட்டியில் யாரும் சும்மா கை வைக்க மாட்டார்கள்.

ஜனவரி 10, இரவு

தம்பி இரண்டுக்குப் பதில் போட்டிருக்கிறார்: ஏழு மணி, முதலில் ஐந்து ரேக் எடுப்பவர் வெற்றி, டபுள் எலிமினேஷன். மூன்றாவதற்கு, "கேட்டுச் சொல்கிறேன்."

ஆறு டேபிளில் நடந்தது நான்கு டேபிளுக்கு வந்திருக்கிறது, கவனித்தீர்களா? அளவும் மாறியது, எண்ணிக்கையும் மாறியது. இரண்டும் ஒரே நாளில் மாறிய பிறகு பழியை ஒன்றின் மேல் மட்டும் போடுகிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே என்பதால், ஆட்களின் எண்ணிக்கையை இரட்டித்து அதில் ஒன்றோ இரண்டோ கழித்தால் மொத்த ஆட்டம் கிடைக்கும். 16 பேருக்கு 30 அல்லது 31. பலரும் மொத்த ஆட்டத்தை டேபிள் எண்ணிக்கையால் வகுத்துவிட்டு, போதும் என்று விட்டுவிடுவார்கள். வரிசை என்று ஒன்று இருக்கிறது. 16 பேர் என்றால் முதல் சுற்று, அப்புறம் தோற்றவர் பக்கத்தில் (ஒருமுறை தோற்றவர்கள் தங்களுக்குள் ஆடுவது) ஆறு சுற்று, அப்புறம் இறுதி ஆட்டம். ஹாலில் நூறு டேபிள் இருந்தாலும் இந்த எட்டு ஆட்டமும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது.

நான் பார்த்த வரையில், நடுத்தர ஆட்டக்காரர்கள் இருவர் ஏழடியில் ஐந்து ரேக் ரேஸை அரை மணியில் முடிப்பார்கள். அதே இருவருக்கு ஒன்பதடியில் முக்கால் மணி ஆகும். விடும் பந்துகள் அதிகம், டேபிளைச் சுற்றி நடக்கும் நடையும் அதிகம். எட்டு அரை மணி என்றால் நான்கு மணி நேரம். எட்டு முக்கால் மணி என்றால் ஆறு. ஏழுக்குத் தொடங்கினால் ஒன்று 11, இன்னொன்று இரவு 1. டேபிள் நான்குதான் என்றால் முதல் இரண்டு சுற்றுகளிலும் பாதிப் பேர் காத்திருக்க வேண்டும். எட்டு ஆட்ட நேரம் பத்தாகிவிடும். ஏழரை மணி நேரம். இரவு இரண்டரை. மறுநாள் புதன்கிழமை.

மாற்றிய முதல் வாரம் எத்தனை மணிக்கு முடிந்தது?

ஜனவரி 11

"கிட்டத்தட்ட இரண்டு மணி" என்கிறார்.

போதும்.

ஜனவரி 12

டெக்சஸ் நண்பர் சுடச்சுட எழுதியிருக்கிறார்: ஏழடி குடிகார விளையாட்டு, ஒன்பதடியில் ஆடுவதுதான் பூல். சரி ஐயா, அப்படியானால் பன்னிரண்டடி? ஸ்னூக்கர் டேபிள் 11 அடி 8.5 அங்குலத்துக்கு 5 அடி 10 அங்குலம், பாக்கெட்டின் வாய் வளைந்து பந்தை வெளியே துப்பும். அந்த ஆட்டம் 1875 வாக்கில் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் பிறந்து, விதிகள் எழுத்து வடிவம் பெற்றது நம் ஊட்டி கிளப்பில் என்பார்கள். டேபிளின் நீளம்தான் பெருமை என்றால் நீலகிரிக்காரன் உங்கள் இருவரையும் பார்த்துச் சிரிப்பான்.

கோவையில் கல்லூரிக் காலத்தில் ஸ்னூக்கர் பார்லரில் மணிக்கணக்கில் காசைக் கொட்டியவன் நான். அமெரிக்கா வந்து முதன்முதலில் பாரில் ஏழடி டேபிளைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. காலணாவைத் தள்ளி வாங்கிய முதல் ஆட்டத்தில், அழுக்குத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் ஆறு பந்தைப் போட்டுவிட்டு, மிச்சத்தை எனக்கு ஆட வழியில்லாமல் பூட்டிவைத்துவிட்டு, பீர் வாங்கப் போனார். அதன் பிறகு சிரிக்கவில்லை.

ஜனவரி 12, பின்குறிப்பு

காலணா என்று எழுதியது இங்குள்ள கால் டாலர் நாணயத்தை. கோபப்பட வேண்டாம்.

ஜனவரி 15

நேரக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

நான் போகும் ஹாலில் லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் உண்டு. காலை ஆறு மணி ஷிஃப்ட். கியூவை (பந்தை அடிக்கும் கோலை) இரண்டாகக் கழற்றிப் பெட்டியில் வைப்பதற்கு முன் துணியால் துடைப்பார், நுனியிலிருந்து அடி வரை, அவசரமே இல்லாமல். அந்தத் துணியை வெளியே எடுத்தால் மணி பத்தரை என்று எல்லாருக்கும் தெரியும். ஜெயித்துக்கொண்டிருந்தாலும் துணி வெளியே வந்துவிடும். அரையிறுதியை எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வணக்கம் சொல்லிக் கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன்.

அமெச்சூர் போட்டிக்கு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி இவரைப் போன்றவர்கள். பரிசுப் பணத்துக்காக வருபவர்கள் நான்கைந்து பேர். அவர்கள் பாறாங்கல்லில் டேபிள் போட்டாலும் வருவார்கள். மற்றவர்கள் பத்து டாலர் கட்டி, நாலு பேரைப் பார்த்து, இரண்டு மூன்று ஆட்டம் ஆடி, பத்தரைக்கு வீட்டுக்குப் போக வருகிறார்கள். ஒன்பதடியில் தோற்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. ஒன்பதரை மணிக்கு இரண்டாவது ஆட்டத்துக்காக உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குப் பொறுக்காது.

ஜனவரி 16

"அப்படியானால் லீக்கில் இவ்வளவு கூட்டம் எப்படி? அது ஏழடி என்பதால்தானே?" என்று தம்பி மடக்குகிறார்.

ஏபிஏ என்ற அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷனைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். 1979இல் டெர்ரி பெல், லேரி ஹப்பார்ட் என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்கள் தொடங்கியது. சுமார் இரண்டரை லட்சம் உறுப்பினர்கள் என்று சொல்கிறார்கள். உண்மைதான், பெரும்பாலும் பார்களில் ஏழடியில் நடக்கிறது. லாஸ் வேகாஸில் நடக்கும் அவர்களுடைய இறுதிப் போட்டிகளும் ஏழடியில்தான்.

ஆனால் அந்தக் கூட்டத்தைச் சேர்ப்பது டேபிள் இல்லை, 23 என்ற எண். ஒவ்வொருவருக்கும் திறன் எண் உண்டு. எய்ட்-பாலில் 2 முதல் 7 வரை. ஒரு இரவு அணிக்கு ஆடும் ஐந்து பேரின் எண்களைக் கூட்டினால் 23ஐத் தாண்டக்கூடாது. இரண்டு ஏழுகளை வைத்துக்கொண்டால் மற்ற மூவருக்கும் சேர்த்து ஒன்பதுதான் மிச்சம், ஆளுக்கு மூன்று. அதனால் எந்த அணித் தலைவரும் புதியவர்களைத் தேடித்தான் ஆக வேண்டும். அலுவலகத்தில், சர்ச்சில், சலூனில் எல்லாம் "உனக்கு ஆடத் தெரியாதா? பரவாயில்லை, அதுதான் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டு திரிவார்கள். என்னை முதலில் அணியில் சேர்த்தவர் சொன்ன காரணமும் அதுதான். ஸ்னூக்கர் ஆடியவன் என்று சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆடும்போதும் ரேஸ் சமமில்லை. ஏழுக்கும் இரண்டுக்கும் ஆட்டம் என்றால் ஏழு எண்காரர் ஏழு ரேக் ஜெயிக்க வேண்டும், இரண்டு எண்காரருக்கு இரண்டு போதும். ஒன்பதடியில் இதே முறையை வைத்தாலும் புதியவருக்கு வாய்ப்பு இருக்கும். ஏழடியில் இது இல்லாமல் வெறும் ஐந்து ரேக் ரேஸ் வைத்தால் இருக்காது.

ஜனவரி 16, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதை எண்ணில் காட்டச் சொல்கிறார்கள். ஃபார்கோரேட் என்ற தரவரிசை முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ ஊர்க்காரர் மைக் பேஜ் உருவாக்கியது. இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், எண் கூடியவர் இரண்டு ரேக் எடுக்கும் நேரத்தில் எண் குறைந்தவர் ஒன்று எடுப்பார். 200 என்றால் நான்குக்கு ஒன்று.

100 வித்தியாசத்தில் ஐந்து ரேக் ரேஸ் வைத்தால் எண் குறைந்தவர் ஜெயிக்க ஏழில் ஒரு வாய்ப்பு. மூன்று ரேக் ரேஸ் என்றால் ஐந்தில் ஒன்று. 200 வித்தியாசத்தில் ஐந்து ரேக் ரேஸ் என்றால் ஐம்பதில் ஒன்று. ஐம்பதில் ஒன்றுக்குப் பத்து டாலர் கட்ட எத்தனை பேர் திரும்பத் திரும்ப வருவார்கள்?

இன்னொரு விஷயம், தம்பிக்குப் பிடிக்காது. ஃபார்கோரேட் கணக்கில் ஏழடி ஆட்டத்துக்குத் தனி எண், ஒன்பதடிக்குத் தனி எண் என்று கிடையாது. எல்லா ஆட்டமும் ஒரே பானைக்குள். "பெரிய டேபிளில் கெட்டிக்காரன் இன்னும் கெட்டிக்காரன் ஆகிவிடுகிறான்" என்று நாம் எல்லாரும் நம்புகிறோமே, அது நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. பெரிய டேபிளில் நீங்கள் அதிகம் விடுவீர்கள், எதிராளியும் அதிகம் விடுவார்.

ஜனவரி 18

இரண்டு நாளாக யோசித்ததில் மேலே எழுதியதற்கு ஒரு மறுபக்கம் தோன்றுகிறது. எண்ணில் சமம் என்பது ஒன்று, மனதில் சமம் என்பது வேறு. ஏழடியில் 5–2 என்று தோற்றவர் "இரண்டு ரேக் எடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டு போகிறார். ஒன்பதடியில் அதே 5–2 என்று தோற்றவர் "நேர் பந்தையெல்லாம் விட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போகிறார். ஸ்கோர் ஒன்றுதான், திரும்பி வருபவர் ஒருவர்தான். ஆகவே தம்பியின் கட்சிக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பெண் போடலாம்.

நம் ஊரில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்குக் கோடை விடுமுறையில் எத்தனை அணி பெயர் கொடுக்கும், லெதர் பந்துக்கு எத்தனை அணி வரும் என்று யோசித்துப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் ஆடுபவர்கள் மட்டமான ஆட்டக்காரர்கள் இல்லை. தெருவில் எதில் பழகினார்களோ அதில்தான் பெயர் கொடுக்கிறார்கள். லீக்கில் வாரம் முழுக்க ஏழடியில் ஆடிவிட்டுச் செவ்வாய் மட்டும் ஒன்பதடியில் வந்து நின்றால், வேகம் புரியாது, வெள்ளைப் பந்து நினைத்த இடத்துக்கு ஓரடி முன்னாலேயே நிற்கும். பழகிய டேபிளில் ஆளைக் கூப்பிட்டால் ஆள் வரும். அது ஒன்பதடி என்றாலும் வரும்.

ஜனவரி 19

மேலே உள்ள கடைசி வரிக்கு ஆதாரம் கேட்டால் டெர்பி சிட்டி கிளாசிக் என்ற பூல் போட்டி.

1999 முதல் நடக்கிறது, கென்டக்கியின் லூயிவில் பக்கம். இப்போது ஒஹையோ ஆற்றுக்கு இந்தப்பக்கம் தெற்கு இந்தியானாவில், ஒரு கேசினோவில் ஜனவரிதோறும். எல்லாம் டயமண்ட் கம்பெனியின் ஒன்பதடி டேபிள். பேங்க் பூல், ஒன் பாக்கெட், நைன்-பால் என்று மூன்று பிரிவு. யார் வேண்டுமானாலும் பணம் கட்டிச் சேரலாம். நூற்றுக்கணக்கில் சேர்கிறார்கள், அதில் பெரும்பாலோர் எதையும் ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தே கட்டுகிறார்கள். முதல் தடவை தோற்றால் மறுபடி பணம் கட்டி உள்ளே வரலாம் என்ற ஏற்பாடும் உண்டு. அதையும் கட்டுகிறார்கள்.

ஏன்? குலுக்கலில் எதிரே உலக சாம்பியன் வந்து நிற்கலாம். 9–1 என்று தோற்றுவிட்டு வந்த என் நண்பர் அந்த ஒரு ரேக்கைப் பற்றி இன்றும் பேசுகிறார். எந்தப் பந்தை எங்கே விட்டார் அந்த சாம்பியன், இவர் எப்படி முடித்தார் என்று டீக்கடை டம்ளரையெல்லாம் நகர்த்தி வைத்துக் காட்டுவார். அங்கே பத்தடி டேபிளில் 16 பேரை மட்டும் அழைத்து நடத்தும் ஒரு பந்தயமும் உண்டு. அதைப் பார்க்கவும் நாற்காலி பிடிக்கிறார்கள்.

ஆகவே பெரிய டேபிள் ஆளை விரட்டுகிறது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. செவ்வாய் இரவு, பத்து டாலர் போட்டியில் விரட்டலாம்.

ஜனவரி 21

சிங்கப்பூர் சகோதரி எழுப்பியிருப்பதை இந்த இழையில் ஒரு ஆண் கூட யோசிக்கவில்லை, நான் உட்பட. அவர் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. விதிப்படி அடிக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். 50 அங்குல அகலத்தில் நடுவில் நிற்கும் வெள்ளைப் பந்தை எட்ட, உயரமானவர் குனிந்தால் போதும். இவர் ரெஸ்ட்டை, அதாவது கியூவைத் தாங்கும் நீளக் கோலை, கையில் எடுக்க வேண்டும். ஒரு ரேக்கில் இரண்டு மூன்று முறை ரெஸ்ட்டில் ஆடுவது என்றால் அது வேறு ஆட்டம்.

இதற்குக் கணக்குப் போட்டு என்னால் மறுப்புச் சொல்ல முடியாது. ஏழடியில் அகலம் 39 அங்குலம், பதினொரு அங்குலம் குறைவு. எங்கள் ஹாலில் ஏழடிப் போட்டிக்குப் பெண்கள் வருகிறார்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை அப்பாக்கள் கூட்டி வருகிறார்கள். ஒன்பதடிப் போட்டியில் அவர்களைப் பார்ப்பது அபூர்வம். தம்பி, உங்கள் கட்சிக்கு இதுவரை கிடைத்ததில் பலமான சாட்சி இது. நீங்கள் கேட்காமலே வந்திருக்கிறது.

ரெஸ்ட்டை வைத்திருக்கும் ஹால்களுக்கு ஒரு வார்த்தை. அதன் தலை ஆடாமல் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

ஜனவரி 22

டெக்சஸ் நண்பர் இடம் பற்றிக் கேட்டார், வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒன்பதடி வைக்கலாமா என்று. கியூவின் நீளம் 58 அங்குலம். ஆடும் பரப்போடு நான்கு பக்கமும் 58 சேர்க்க வேண்டும். ஒன்பதடிக்கு 13 அடி 10 அங்குலம் × 18 அடி. ஏழடிக்கு ஏறக்குறைய 13 அடி × 16 அடி. கொஞ்சம் மூச்சு விட இன்னும் அரை அடி கூட்டிக்கொள்ளுங்கள். தூண் இருந்தால் எந்த டேபிளும் வேண்டாம். தூணுக்காக வைத்திருக்கும் குட்டைக் கியூவை உங்கள் மனைவிதான் முதலில் ஒளித்துவைப்பார்.

ஜனவரி 24

வேறு பக்கம் போய்விட்டோம், இருந்தாலும் இதைச் சொல்லாமல் போக மனமில்லை. இங்கே வார இறுதிப் போட்டிகளில் ஆட்டம் தொடங்குமுன் ஒரு ஏலம் நடக்கும். பெயர் கல்கத்தா. ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக ஏலம் விடுவார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கலாம், நீங்கள் வாங்கியவர் பரிசு இடத்துக்கு வந்தால் ஏலப் பணத்தில் பங்கு. ஆட்டக்காரர் தன்னில் பாதியைத் தானே வாங்கிக்கொள்ளலாம். பல மாநிலங்களில் இது சட்டப்படி சரியா என்பது வேறு விஷயம்.

ஆள் வரவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஏலத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஹால் அமைதி. ஐந்து டாலர் என்று என் மேல் இரக்கப்பட்டு ஒரு குரல், அது பார் கவுண்டரில் நிற்கும் பெண். பெரிய ஆட்டக்காரர்களுக்கு நூற்றுக்கணக்கில் போனது. அன்று என்னோடு ஐந்து டாலருக்குப் போன இன்னும் இரண்டு பேர் அந்தப் போட்டிக்கு மறுபடி வரவில்லை. நான் போகிறேன், ரோஷம் குறைவு.

ஜனவரி 29

மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அதை அப்படியே மேலே ஒட்ட வேண்டும் போல இருக்கிறது.

உரிமையாளர் ஏழடியை ஏன் காலி செய்தார் என்றால், செப்டம்பர் முதல் செவ்வாய் இரவு ஆறு ஏழடி டேபிளையும் லீக்குக்குக் கொடுத்துவிட்டார்! ஒரே ஹால், ஒரே இரவு. தம்பி ஒன்பதடி பக்கம் உட்கார்ந்து ஆள் வரவில்லையே என்று கவலைப்படுகிறார், பழைய ஆட்கள் இருபதடி தள்ளி ஏழடியில் லீக் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். "அவர்கள் லீக் கூட்டம், வேறு கூட்டம் என்று நினைத்தேன்" என்கிறார். பழைய இருபது பேரில் எத்தனை பேர் அந்த லீக்கில் என்று எண்ணச் சொன்னேன். எட்டு.

எட்டுப் பேர் லீக்கில். 20லிருந்து எட்டுப் போனால் 12. வருவது 9 முதல் 11 வரை. டேபிள் அளவு, இரண்டு மணி வரை இழுத்த அந்த முதல் இரவு, டேபிள் எண்ணிக்கை, எல்லாம் சேர்ந்து விரட்டியது ஒன்று முதல் மூன்று பேரை.

உரிமையாளரைக் குறை சொல்லவும் முடியாது. ஏழடி டேபிள் பல இடங்களில் ஹாலுக்குச் சொந்தமில்லை. ஒரு கம்பெனி கொண்டுவந்து போட்டு, விழும் காசைப் பங்கு போட்டுக்கொள்ளும். லீக் என்றால் ஆறு டேபிளும் நிரம்பும், வாரம் தவறாது, அணிக்கு ஐந்தாறு பேர், ஆளுக்கொரு பர்கர். தம்பியின் போட்டிக்கு வருபவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து மணி நேரம் டேபிளை மடக்கி வைத்திருப்பவர்கள். ஒன்பதடியை மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டாலும் அவருக்கு வரும்படி உண்டு. அவர் போட்டியை நிறுத்தாமல் வைத்திருப்பதே பெரிய மனசு.

ஜனவரி 30

"அப்படியானால் டேபிள் அளவு காரணமே இல்லையா?" என்று டெக்சஸ் நண்பர் வெற்றிக் குரலில். ஐயா, இருக்கிறது. சகோதரி சொன்னதைப் படித்தீர்களா? புதியவர் மனது, எட்டாத கை, நீளும் இரவு, மூன்றும் அளவோடு தொடர்புடையவைதான். எட்டுப் பேரை லீக் எடுத்ததால் மற்றவர்கள் போனதற்குக் காரணம் இல்லாமல் போய்விடாது.

ஒன்று செய்யலாம். கிழமையை மாற்றுங்கள்.

பிப்ரவரி 3

வியாழக்கிழமைக்கு உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். ஆனால் ஏழடி அன்றும் கிடையாது, நைன்-பால் லீக் வருகிறதாம். சரி, ஒன்பதடியிலேயே நடத்துங்கள். தம்பிக்கு என் யோசனைகள், வரிசையெல்லாம் கிடையாது.

எய்ட்-பாலை விட்டு நைன்-பாலுக்கு மாறுங்கள், அதில் ஒன்பது பந்துதான், ஒன்பதாவதைப் போட்டவருக்கு ரேக். பந்து குறைவு, ரேக் சீக்கிரம் முடியும், புதியவருக்கு ஒன்பதாவது பந்து தற்செயலாக விழவும் வாய்ப்பு உண்டு. அது விழும்போது ஹால் முழுக்கச் சிரிக்கும், அவர் அடுத்த வாரம் கட்டாயம் வருவார். ஜெயித்தவர் பக்கம் நான்கு ரேக், தோற்றவர் பக்கம் மூன்று. நீளமாக இழுப்பது தோற்றவர் பக்கம்தான் என்று மேலே பார்த்தோம், அங்கேதான் வெட்ட வேண்டும். ஃபார்கோ எண் வைத்திருப்பவர்களுக்கு 100 புள்ளி வித்தியாசத்துக்கு, எண் குறைந்தவருக்கு ஒரு ரேக் முன்கூட்டியே கொடுங்கள். எண் இல்லாத புதியவரை நீங்களே கணித்து ஓர் எண் கொடுங்கள், தாராளமாகக் குறைத்து. பெயர் கொடுப்பதை ஏழு மணிக்கு மூடுங்கள். "பார்க்கிங்கில் இருக்கிறேன்" என்று ஃபோன் செய்பவருக்காகக் காத்திருக்காதீர்கள், அவர் வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

பாக்கெட்டைக் குறுக்க வேண்டும் என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள். உலக விதிப்படி மூலைப் பாக்கெட் நான்கரை அங்குலத்துக்குக் குறையத் தேவையில்லை. தொலைக்காட்சியில் நான்கு அங்குலத்தில் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். கேட்பவர் அநேகமாக முதல் சுற்றிலேயே தோற்பவராக இருப்பார்.

பிப்ரவரி 9

முதல் வியாழன் முடிந்துவிட்டது. ஒன்பதடியில் 15 பேர், பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இறுதி ஆட்டம் முடிந்ததாம். அதில் நான்கு பேர் செவ்வாய் லீக்கில் ஆடுபவர்கள், "பெரிய டேபிளில் பழகலாம் என்று வந்தோம்" என்றார்களாம். தம்பி இதை எழுதும்போது கொஞ்சம் முணுமுணுக்கிறார், அவர் கட்சிக்கு எதிராக ஒரு வரி கூடியதால்.

பத்தரைக்குக் கிளம்பியவர்கள் ஐந்து பேராம். அதனால் பரிசை இரண்டு பேருக்கு மட்டும் வைக்காமல் நான்கு பேருக்குப் பிரியுங்கள், நான்காவது இடத்துக்குக் கட்டிய பணமாவது திரும்ப வரட்டும்.

15 பேர் வந்தால் ஒருவருக்கு 'பை' கிடைக்கும், முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவார். அதை யாருக்கு என்று எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். உரிமையாளரின் மைத்துனருக்கு இந்த வாரம் கிடைத்ததைத் தற்செயல் என்று நான் நம்புகிறேன், மற்ற 14 பேர் நம்ப மாட்டார்கள்.